முள்ளோடையில் போடாத பெட்ரோல்

சம்பந்தி,

நேற்றுக் காலை பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கப் போயிருந்தேன். சனிக்கிழமைக் கூட்டம். வஞ்சிரத்தைத் துண்டு போடச் சொல்லிவிட்டு நிற்கிறேன், உரசிக்கொண்டு போன யாரிடமிருந்தோ உங்கள் ஓதெகொலோன் சென்ட் வாசனை வந்தது. அந்தக் கவிச்சிக்கு நடுவில் அப்படி மணமாக நடந்து போக இந்த ஊரில் உங்களை விட்டால் யாருக்குத் தோன்றும்? பார்த்தால் யாரோ ஒரு பெரியவர். இஸ்திரி போட்ட சட்டை, கையில் மடித்த கைக்குட்டை. நீங்கள் இல்லை என்று கண்ணுக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. பூக்கடைகள் வரைக்கும் அவர் பின்னாலேயே போய்விட்டேன். அப்புறம் சுதாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், மீன் எங்கே என்கிறாள் என் மனைவி. காசு கொடுத்த மீன் கடைக்காரம்மாவிடமே இருந்தது. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எதற்குப் போனேன், யார் பின்னால் போனேன் என்று அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான் என்றாலும் முதலிலிருந்தே சொல்கிறேன். அப்படிச் சொன்னால்தான் நீங்கள் எதிரில் உட்கார்ந்து குறுக்கே பேசுகிற மாதிரி இருக்கிறது.

எனக்கு அரியாங்குப்பத்தில் உரக்கடை. ஊரில் கொஞ்சம் நிலம், நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டுப் பேசுகிற குணம். உங்களுக்குப் பாண்டி டவுனில், மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில் வீடு. பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ரிடையரானவர். எது பேசினாலும் ‘அலோர்’ என்று தொண்டையைச் செருமிக்கொண்டுதான் ஆரம்பிப்பீர்கள். உங்கள் அப்பா காலத்துப் பிரெஞ்சில் வீட்டில் மிச்சமிருந்தது அந்த ஒரு சொல்லும், யாராவது காபி கொடுத்தால் வருகிற ‘மெர்சி’யும்தான். உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஓடுவது ஒரே ஓர் ஆறு. என் மகனும் உங்கள் மகளும் காலேஜில் பழகி, ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரைக்காலுக்கு வேலைக்குப் போனபோது அந்த ஆறு கடலாகிவிட்டது. நான் கத்தினேன். நீங்கள் வாயே திறக்கவில்லை. இரண்டில் எது மோசம் என்ற வழக்கு நமக்குள் கடைசி வரைக்கும் தீரவில்லை. கல்யாணத்துக்கு நீங்களும் போகவில்லை, நானும் போகவில்லை.

பிறகு குழந்தை வந்தது. நம் வீட்டுப் பெண்கள் நம்மை விட விவரமானவர்கள். பிரசவத்துக்கு முன்னாலேயே இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு ஒரே பஸ்ஸில் காரைக்காலுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது நாம் இரண்டு பேர். என் மகன் போன் செய்தான். பேத்தி பிறந்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, நான் மூச்சு விடுவதற்குள் அடுத்ததையும் சொன்னான்.

“வர்றதா இருந்தா அவங்க அப்பாவும் நீங்களும் ஒரே வண்டியில வாங்கப்பா. தனித்தனியா வந்தா வாசலோட திரும்பிப் போக வேண்டியதுதான்.”

அதே சொற்களை உங்கள் மகள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. உட்கார்ந்து மனப்பாடம் செய்திருப்பார்கள் போல. நான் போனை வைத்துவிட்டு, போகமாட்டேன் என்று கடையில் இருந்த எல்லோரிடமும் சொன்னேன். மறுநாள் காரைக்காலிலிருந்து என் மனைவி கூப்பிட்டாள். ஒன்றும் பேசவில்லை. போனைக் குழந்தையின் வாயருகே வைத்தாள், அது அழுதது, வைத்துவிட்டாள். அப்புறம் நான்தான் உங்களுக்குப் போன் போட்டேன். பையனோட அப்பா பேசுறேன் என்றேன். அலோர், சொல்லுங்க என்றீர்கள். வண்டி இருக்கா என்றேன். இருக்கு என்றீர்கள். காலையிலேயே கெளம்பிடலாமா என்றேன். சரி என்றீர்கள். சம்பந்திகள் பேசிக்கொண்ட முதல் பேச்சு இவ்வளவுதான்.

மறுநாள் உங்கள் பழைய கிரீம் கலர் கார் பாலத்தைத் தாண்டி என் வீட்டு வாசலில் வந்து நின்றது. எங்கே உட்காருவது என்று எனக்குக் குழப்பம். பின்னால் உட்கார்ந்தால் உங்களை டிரைவராக்கிய மாதிரி. முன்னால் உட்கார்ந்தால் தோளோடு தோள் இடிக்கும். ஏற்கெனவே நான் ஏற்றிய பலாப்பழம் பின் சீட்டைப் பிடித்துக்கொண்டதால் பிரச்சினை தீர்ந்தது. டிக்கியில் என் அரிசி மூட்டையும் வாழைத்தாரும். உங்கள் பக்கத்துச் சீராகப் பின் சீட்டு ஓரத்தில் ஒரு கேக் பெட்டி, இஸ்திரி போட்டு அடுக்கிய குழந்தைச் சட்டைகள். பிறந்த குழந்தையின் சட்டைக்கு இஸ்திரி போட்ட மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். பலாப்பழமும் ஓதெகொலோனும் காருக்குள் போட்ட சண்டையில் தவளக்குப்பம் வருவதற்குள் எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

முள்ளோடையில் பெட்ரோல் பங்க். அதைத் தாண்டினால் கடலூர், தமிழ்நாடு. நம்மூர் ஆட்கள் யாரும் டேங்கை நிரப்பாமல் அந்த எல்லையைத் தாண்டமாட்டார்கள். அங்கே விலை கூட. அது ஒரு காரணம். எல்லைக்கு அந்தப் பக்கம் போய்க் காசு கொடுத்துவிட்டு வந்தால் ஏதோ ஏமாந்துவிட்ட மாதிரி இருக்கும், அது பெரிய காரணம். நீங்கள் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினீர்கள். நான் சட்டைப் பையில் கை விட்டேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். சம்பந்தி முறையில் ஒருவர் காசு கொடுக்க இன்னொருவர் சும்மா இருந்தால் அது ஆயுசுக்கும் பேச்சாகும் என்று இருவருக்கும் தெரியும்.

என் வண்டி என்றீர்கள். எங்கள் பையன் வீட்டுக்குப் போகிறோம், செலவு எங்களோடது என்றேன். அது என் பொண்ணோட வீடும்தான் என்றீர்கள். மெதுவாகத்தான் சொன்னீர்கள். எனக்குச் சுருக்கென்றது. நான் என்னவோ சொன்னேன், நீங்களும் என்னவோ சொன்னீர்கள். பெட்ரோல் போடும் பெண் குழாயைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். நீங்கள் கோபத்தில் காரைக் கிளப்பினீர்கள். நான் கோபத்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெட்ரோல் போட்டோமா என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

கடலூர் டவுனைத் தாண்டிய பிறகு பெட்ரோல் காட்டும் முள் கீழே சாய்ந்துகொண்டிருந்ததை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். வழியில் ஒரு பங்க் வந்தது. நீங்கள் வேகத்தைக் குறைத்தீர்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

“தமிழ்நாட்டுலயா போடப்போறீங்க?”

“நான் எதுக்குப் போடுறேன்? காரைக்கால் நம்மூருதானே. அங்க போய்ப் போட்டுக்கலாம்.”

அதுதான் நாம் முதன்முதலில் ஒத்துப்போன விஷயம். வண்டி நடுரோட்டில் நின்றாலும் சரி, வேறு ஸ்டேட்டில் பெட்ரோல் போடுவதில்லை என்று இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். அதற்குப் பிறகு உங்களுக்கு வாய் திறந்துவிட்டது. வழியில் வந்த ஒவ்வொரு சிறுபாலத்தையும் பார்த்து, இது நிக்காது என்றீர்கள். அது எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நின்றுகொண்டிருக்கிறது என்றேன். அதான் சொல்றேன், இனிமே நிக்காது என்றீர்கள். சிதம்பரத்தில் வழி தப்பியது. ஓவர்சியர் வழி கேட்கமாட்டார், உரக்கடைக்காரன் இறங்கமாட்டான். தேர் ஓடும் நாலு வீதியையும் இரண்டு தடவை சுற்றினோம். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா, இரண்டாவது சுற்றில் நம்மைப் பார்த்துக் கும்பிட்டே விட்டாள். கொள்ளிடத்துப் பாலத்தில் மட்டும் நீங்கள் ஊர்ந்துகொண்டு போனீர்கள். கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில், இது நல்லாத்தான் கட்டியிருக்கான் என்று வருத்தத்தோடு ஒப்புக்கொண்டீர்கள். நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை.

சீர்காழியில் இட்லி சாப்பிட உட்கார்ந்தோம். நீங்கள் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் கண்ணை மூடினீர்கள். பரிமாற வந்தவர் சாம்பார் வாளியோடு அசையாமல் நின்றார். அவருக்காக நானும் கண்ணை மூடிக்கொண்டேன். சாப்பிட்டு முடித்துக் காபியை ஆற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டீர்கள்.

“அலோர், உங்க பையன் கோவக்காரரா? எம்பொண்ண அதட்டுவாரா?”

அதுவரை உங்களை அமுக்கமான ஆள் என்றுதான் நினைத்திருந்தேன். இத்தனை நாளும் வாய் திறக்காமல் இந்த ஒரு கேள்வியைத்தான் வைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று அந்த நிமிடம் புரிந்தது. உங்கள் மருமகனை நீங்கள் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருந்தீர்கள். மகளைப் பார்த்தும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. என்னை மாதிரி இல்லை, அவங்க அம்மா மாதிரி என்றேன். நீங்கள் காபியைக் கீழே வைத்துவிட்டு, மெர்சி என்றீர்கள். காபி கொடுத்தவரிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னீர்கள்.

திருக்கடையூரில் ரோட்டிலேயே நாலைந்து பேர் காரை மறித்துக்கொண்டார்கள். அறுபதாம் கல்யாணமா, எழுபதா, ஹோமத்துக்குச் சொல்லியாச்சா, அம்மாங்க எங்கே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நம் இரண்டு பேர் தலையையும் பார்த்துவிட்டு ஒருவர் எண்பதுக்கே விலை சொன்னார். எதற்கு மறிக்கிறார்கள் என்று உங்களுக்குப் புரியவில்லை. இங்கே வந்து வயதான தம்பதிகள் மறுபடி தாலி கட்டிக்கொள்வார்கள் என்று விளக்கினேன். கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினீர்கள். பிறகு சொன்னீர்கள்.

“புள்ளைங்க கல்யாணத்துக்கே நாம போகல, சம்பந்தி.”

சம்பந்தி என்று நீங்கள் என்னை முதலில் கூப்பிட்டது அப்போதுதான். வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த ரோட்டில் இருந்த பனைமரங்கள் இன்றைக்கும் எனக்கு அடையாளம் தெரியும்.

பொறையாறைத் தாண்டியதும் கார் இருமிவிட்டு நின்றது. பின்னால் கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஒரு பங்க். அது தமிழ்நாடு. முன்னால் நண்டலாற்றுப் பாலம், அதற்கப்பால் பூவம், நம்மூர். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். நீங்கள் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, நான் பின்னால் இருந்து தள்ளினேன். டிவிஎஸ்ஸில் வந்த ஒருவர் நின்று, பங்க் பின்னாலேயே இருக்குதே, பாட்டில்ல வாங்கியாரட்டா என்றார். வேண்டாம், அந்தப் பக்கம் போய்ப் போட்டுக்குறோம் என்றோம். அவர் நம்மை மேலும் கீழும் பார்த்தார். பாண்டிக்காரங்களா என்று மட்டும் கேட்டார். அதற்குமேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து அவரும் தள்ளினார்.

பாலத்தின் மேல் காற்று. உங்கள் இஸ்திரிச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. என் வேட்டியில் கரி. பலாப்பழம் பின் சீட்டில் உருண்டு கேக் பெட்டியின் மேல் விழுந்து, அதற்குப் பிறகு கேக் தட்டையாகத்தான் இருந்தது. மூச்சு வாங்க, நடுவில் நின்றோம். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு நான் அப்படிச் சிரித்ததே இல்லை, சம்பந்தி. நீங்கள் சத்தம் இல்லாமல் தோள் குலுங்கச் சிரிப்பவர் என்றும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். பூவத்தில் பங்க்குக்குள் காரைத் தள்ளி நிறுத்தியதும் நான் பையில் கையை விட்டேன். நீங்களும் விட்டீர்கள். ஒரு நொடி என்னைப் பார்த்தீர்கள். பிறகு பர்ஸை மறுபடி உள்ளே வைத்துக்கொண்டு, முகம் கழுவத் தண்ணீர் எங்கே என்று கேட்டுக்கொண்டு போய்விட்டீர்கள். நீங்கள் விட்டுக்கொடுத்தது எனக்குத் தெரியும். அதைப் பற்றி நாம் ஒருநாளும் பேசவில்லை.

உங்கள் மகள்தான் கதவைத் திறந்தாள். பிள்ளை பெற்ற உடம்பு, காதில் பஞ்சு, தோளில் குழந்தை. கரியும் வேர்வையுமாக நின்ற இரண்டு பேரையும் பார்த்தாள். நிஜமாகவே ஒண்ணாதான் வந்தீங்களா என்று கேட்டாள். நான் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டிருக்கும்போது, தள்ளிக்கிட்டே வந்தோம் என்றீர்கள் நீங்கள். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழ ஆரம்பித்தாள். குழந்தையை யாரிடம் முதலில் கொடுப்பது என்று தெரியாமல் நம் இருவருக்கும் நடுவில் நீட்டினாள். நீங்கள் தலையையும் நான் காலையுமாகப் பிடித்துக்கொண்டு, எப்படி மாற்றுவது என்று தெரியாமல் நின்றோம். நம் வீட்டுக்காரிகள் வந்துதான் குழந்தையைக் காப்பாற்றினார்கள்.

அதற்குப் பிறகு, ஒரே வண்டியில் வர வேண்டும் என்ற அந்தப் பேச்சு வீட்டில் சட்டமாகிவிட்டது. யாரும் நம்மை வற்புறுத்தவில்லை. நாம்தான் தனியாகப் போகவில்லை. ஞானஸ்நானத்துக்குப் போனோம், காது குத்துக்குப் போனோம், சும்மாவும் போனோம். என் முழங்கால் வீங்கியபோது நீங்கள் காத்திருந்தீர்கள். உங்கள் கண் ஆபரேஷனுக்கு நான் காத்திருந்தேன். முள்ளோடையில் ஒரு தடவை நீங்கள், ஒரு தடவை நான் என்று முறை வைத்துக்கொண்டோம். சாயங்காலங்களில் கடைக்கு வந்து உர மூட்டையின் மேல் கைக்குட்டை விரித்து உட்கார்ந்திருப்பீர்கள். யூரியா நாற்றத்தைப் பற்றி ஒரு தடவைகூடக் குறை சொன்னதில்லை. பேத்தி ஏழாம் வகுப்புக்குப் போன பிறகும் நாம் நீங்க, வாங்கதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்கள், சின்ன வயது சினேகிதர்கள் இருக்கிறார்கள். ஆனால் மனதில் ஒன்று தோன்றினால் முதலில் உங்களுக்குத்தான் போன் போட்டேன்.

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் நீங்கள் படுத்திருந்தபோது தினமும் பஸ் பிடித்து வந்தேன். ஜன்னல் சட்டம் கோணலாக இருக்கிறது என்று குறை சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அதைக் கேட்டு, சரியாகிவிடுவீர்கள் என்று நம்பினேன். கடைசியாக நீங்கள் என்னிடம் பேசியது, “அடுத்த தடவ முள்ளோடையில என் முறை, மறந்துடாதீங்க.”

உங்கள் அடக்கத்தன்று கோயிலில் எனக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. முன் பெஞ்சுகள் உங்கள் குடும்பத்துக்கு. நடுவில் உங்கள் ஆபீஸ்காரர்கள், பங்கு மக்கள். நான் தூண் ஓரமாக நின்றேன். சம்பந்தி வீட்டுக்காரர்கள் மனம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உங்கள் தம்பி ஓடி வந்து, காபி சாப்பிட்டீங்களா, நாற்காலி போடட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வந்தவர்கள் உங்கள் வீட்டம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். உங்கள் மகளைத் தேற்றினார்கள். என் மகனின் கையைக்கூடப் பிடித்துக்கொண்டார்கள். என்னிடம் வந்து ஒருவரும் துக்கம் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள். சம்பந்தியைப் பறிகொடுத்தவன் என்று ஊரில் ஓர் ஆளும் கிடையாது. கல்லறையில் மண்ணைப் போட்டுவிட்டுக் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றபோது உங்கள் மகள் என்னிடம் வந்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

“மாமா, இனிமே நீங்க தனியா வந்தாலும் பரவால்ல.”

அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் கோபம் உங்களுக்குத் தெரியாததா? விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு காரைக்காலுக்கு நான் போகவே இல்லை. என் மனைவி பஸ்ஸில் போய்விட்டு வந்தாள். மகன் கூப்பிட்டான். கடையில் ஆள் இல்லை, முழங்கால் வலி, மழை என்று ஏதாவது சொன்னேன். தாத்தா ஏன் வரமாட்டேங்குறீங்க என்று பேத்தி போனில் கேட்டபோது, வரேன் வரேன் என்றேன். சட்டத்தைத் தளர்த்திவிட்டார்கள் என்றால், நீங்கள் இல்லை என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? நான் மட்டும் இன்னும் செய்யவில்லை.

நேற்று மீனைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்து திட்டு வாங்கினேன் என்றேனே, அதன் பிறகு வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒருவர் பின்னால் பூக்கடை வரைக்கும் போகத் தெரிந்தவனுக்குப் பெற்ற மகன் வீட்டுக்குப் போகத் தெரியவில்லையே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. இன்று காலை எழுந்து யாரிடமும் கேட்காமல் பஸ் ஏறிவிட்டேன். இதை அவர்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சிதம்பரம் வரைக்கும் தூங்கினார். கொள்ளிடத்துப் பாலத்தில் நானே கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு வந்தேன். திருக்கடையூரில் யாரும் மறிக்கவில்லை.

ஆட்டோவிலிருந்து இறங்கிக் கதவைத் தட்டினேன். உங்கள் மகள் திறந்தாள். வாங்க மாமா என்றாள். சொல்லிவிட்டு, பழக்கத்தில், காரைப் பூட்டிவிட்டு வருகிறவருக்காக என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்துவிட்டேன், சம்பந்தி.